பக்கத்து நாற்காலியில் புத்தகத்தின் ஓனர்

கோபம் வந்தால் மனிதர்களுக்கு மரியாதை குறையும். எங்கள் பர்மிட் அண்ணனுக்கு மட்டும் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் எட்டு ‘ங்க’ வாங்கிய ஆள் நாமக்கல்லில் தலைநிமிர்ந்து நடந்ததாகச் சரித்திரமில்லை. லாரிகளுக்கு பர்மிட், எஃப்.சி. என்று பேப்பர் முடித்துக் கொடுப்பது அவர் தொழில். பேப்பர் சரியில்லாத வண்டியின் நிழலில்கூட நிற்க மாட்டார்.

போன வருஷம் நான் மாடிப்படியில் உருண்டு, கால் முறிந்து கட்டிலில் கிடந்தேன். தனிக்கட்டை, சோறு மெஸ்ஸிலிருந்து வந்துவிடும், பேச்சுத்துணைதான் இல்லை. எதிர்வீட்டு பர்மிட் அண்ணன் பார்க்க வந்தார். மின்புத்தகம் படிக்கும் தன் ரீடரில் வாங்கிப் படித்த ஒரு நாவலை எனக்குக் கொடுத்தே தீருவதென்று முடிவெடுத்தார். என்னுடையதோ வேறு கம்பெனி ரீடர். இரண்டையும் கட்டில்மேல் அருகருகே வைத்து அரைமணி நேரம் தட்டினார். புத்தகம் அசையவில்லை.

கம்பெனிக்கு போன் போட்டார்.

“அந்த புக் உங்க ரீடர்லயும் உங்க அக்கவுண்ட்லயும் மட்டும்தான் சார் ஓப்பன் ஆகும். உங்க சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான்” என்றது ஒரு பெண்குரல்.

“ஏனுங்க, நா லாரி வாங்குனா எம்பட மச்சானுக்கு ஓட்டக் குடுக்கறனுங்க. பொஸ்தகத்த மட்டும் குடுக்கக்கூடாதுங்களா? காஷ்மீர் வரைக்கும் லோடு போக பர்மிட் வாங்கறவனுங்க நானு! இந்தக் கட்டிலத் தாண்ட எந்த ஆபீசுங்க பர்மிட் குடுக்குது?”

அந்தப் பெண் போனை வைத்துவிட்டார். எனக்கும் ஆத்திரம்தான். வாங்கியவன் கொடுக்கக்கூடாது என்றால் அதற்குப் பெயர் விற்பனையா?

பஸ் ஸ்டாண்டு பக்கத்து கம்ப்யூட்டர் சென்டரில் ஒருவர், “பூட்ட ஒடச்சு மாத்திரலாங்கண்ணா, ரெண்டே நிமிசம்” என்றாராம். அவருக்கும் விழுந்தது அர்ச்சனை. “வாங்குன பொருளுக்குப் பூட்டு ஒடைக்க நா என்ன திருடனுங்களா?”

நானே ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “அப்ப நா குடுத்தது எப்பிடிங்க ஆகும்?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்கள் ரீடரையே விட்டுவிட்டுப் போங்களேன் என்றேன். அதற்கும் பேப்பர், சட்டம் என்றே பேசினார்.

“சொந்த உபயோகம்னு அந்தப் புள்ள சொல்லிருச்சுங்க. ஓனர் கூடவே இருந்தா கேஸ் ஆவாதுங்க.”

மறுநாள் முதல் மதியம் மூன்று மணிக்கு ரீடரோடு வந்து, பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் படிக்க, அவர் காவல். ஒரு பக்கம் முடிவதற்குள் கம்பெனியை இரண்டு முறை திட்டுவார். நடுவில் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார், காலுக்குத் தலையணையைச் சரி பண்ணுவார், மறுபடி திட்டுவார். ஐந்து மணிக்கு ரீடரை எண்ணெய்க்கடைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பதினோராம் நாள் கேட்டார். “இன்னும் எவ்வளவுங்க இருக்குது?”

“கொஞ்சம் இருக்குதுங்கண்ணா.”

“அவசரமில்லீங்க, மெதுவாப் படிங்க. நாளைக்கும் வாரேன்.”

நாவல் முந்தாநாளே முடிந்திருந்தது. திரையின் மூலையில் நூறு சதவீதம் என்று காட்டிய இடத்தை இரண்டு நாளாகக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டிருந்தேன்.