பீங்கான் சாரின் பன்னிரண்டு கோப்பைகள்

சாம்பார் ஊற்றிய இட்லித் தட்டைத் தூக்கிக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்கிற மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் பீங்கான் சார் ஒருவர்தான். கவிழ்த்தது தாசில்தார் வீட்டில். சாம்பார் தாசில்தார் மடியில்.

"அடியில கம்பெனி முத்திரை இல்லீங்க. புதுச் சரக்கு" என்றார் சார், ஏமாற்றத்தோடு. எனக்கு உயிரே போய்விட்டது.

வலங்கைமான் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். நான் புதுக் குமாஸ்தா. விக்டோரியா ராணி காலத்தில் கப்பலேறி வந்த கனத்த வெள்ளைப் பீங்கான்மேல் அவருக்குப் பித்து. வெள்ளைக்காரக் கலெக்டருக்காக மிராசுதார்கள் அந்நாளில் வாங்கிய கோப்பைகளை, வெள்ளைக்காரன் எச்சில் பட்டதென்று சமையலறையில் சேர்க்க மாட்டார்கள். மாட்டுக்கொட்டகையில் கிடக்கும். நில உச்சவரம்பு விசாரணைக்குப் போகும் சார் நேரே கொட்டகைக்குள் நுழைவார். எந்தப் பினாமிப் பத்திரத்தைத் தேடுகிறாரோ என்று மிராசுதார் பின்னாலேயே ஓடிவருவார். சார் தவிடு அப்பிய கோப்பையோடு வெளியே வந்து, "இதுக்குப் பதிலா புது எவர்சில்வர் தூக்கு தர்றேங்க" என்பார்.

இப்படிப் பன்னிரண்டு சேர்ந்தன. அலுவலக பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். ஒன்றைத் தொட்டுப் பார்த்ததற்கு என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

அந்த வருஷ அறுவடையில் கூலித் தகராறு. நெல் முற்றி உதிரத் தொடங்கியிருந்தது. பேச்சு முறிந்தால் மறுநாளே வெளியூர் ஆட்களை இறக்குவதாகப் பெரிய மிராசுதார் சொல்லிவிட்டார். இறக்கினால் வெட்டுக்குத்துதான். தாசில்தார் இரு தரப்பையும் எங்கள் அலுவலகத்தில் உட்காரவைத்தார். டீ வந்தது. மிராசுதார்களுக்குக் கண்ணாடி டம்ளர், தொழிலாளர்களுக்கு நசுங்கிய அலுமினியக் குவளை.

தொழிலாளர் தரப்பில் வந்திருந்த காளியம்மாள் எழுந்துவிட்டார். "கூலிய அப்பறம் பேசலாங்க. இதுல குடிக்கத்தான் எங்கள வரச் சொன்னீங்களா?" அவர் ஆட்களும் வாசலுக்கு நடந்தார்கள்.

பீரோ கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன், தூக்கிவாரிப்போட்டது. சார் பன்னிரண்டு கோப்பைகளையும் மேஜைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்!

"உக்காருங்கம்மா. எல்லாருக்கும் இதுலதான் டீ."

பெரிய மிராசுதார் வழக்கம்போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். அகலவாய்க் கோப்பை, டீ முழுக்க ஜிப்பாவில்.

"வாய் வச்சுத்தாங்க குடிக்கணும்" என்றார் சார் பவ்யமாக. "உங்க கொட்டகைக் கோப்பைதாங்க அது. கன்னுக்குட்டியே வாய் வச்சுத்தான் குடிச்சுச்சு."

கோப்பை மிராசுதார் கையிலிருந்து நழுவி, பிடி உடைந்து தெறித்தது. என் வேலையும் சேர்ந்து போனது என்றே நினைத்தேன். காளியம்மாள்தான் முதலில் சிரித்தார். அப்புறம் தாசில்தார். கடைசியில், நம்புவீர்களோ மாட்டீர்களோ, மிராசுதாரும். சாயங்காலம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

எல்லோரும் போனபிறகு சார் தரையில் குனிந்து, உடைந்த பிடியைப் பொறுக்கிக்கொண்டே அழுதார்.

"ஏன் சார் வெளிய எடுத்தீங்க?"

"நெல்லு கொட்டிப்போயிடும்ல, தம்பி."

மாற்றலாகிப் போகும்போது அந்தப் பிடியில்லாக் கோப்பையை எனக்குத் தந்தார். இன்றும் காலைக் காப்பி அதில்தான். விரல் சுடுகிறது. வேறு எதில் குடித்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது, பீங்கான் சார்.