அபயாம்பாள் பாடிய எழுச்சிப் பாட்டு

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்தச் சிங்கம் விழாக்களுக்குத் தாமதமாக வருகிற ரகம் என்பதால், கதைக்கும் பாதிக்கு மேல்தான் வரும். அதுவரை நாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். அதே காட்டில் அபயாம்பாள் என்றொரு குண்டுக்கரிச்சான் இருந்தாள். வாலைத் தூக்கிக்கொண்டு பாடுகிற சிறு பறவை. பெயரில் அந்தக் குண்டை யார் சேர்த்தார்களோ தெரியாது. அவள் காதுபட யாரும் அதைச் சொல்வதில்லை.

சாஸ்திரீய சங்கீதத்தில் அபயாம்பாள் பெரிய பெயர். அரசமரத்துச் சபாவில் வருஷா வருஷம் சாயங்காலக் கச்சேரி அவளுடையதுதான். பட்டம் உண்டு, பொன்னாடை உண்டு, கூடு நிறைய நினைவுப் பரிசுகள் உண்டு. முட்டை வைக்கத்தான் இடமில்லை. இருந்தும் அவள் மனசில் ஒரு குறை. இத்தனை காலம் பாடியும் அவளுடைய கச்சேரியை ஒருவர்கூட முழுசாகக் கேட்டதில்லை.

ராகத்தை விரித்துப் பாட ஆரம்பித்தால் முன்வரிசை ஆமைகள் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்கிவிடும். மரங்கொத்தி தண்டபாணி மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால், விழித்திருக்கிற கூட்டம் கேன்டீனுக்குக் கிளம்பிவிடும். போனவர்கள் திரும்பி வருவார்கள். ஆனால் மங்களம் பாடுகிற நேரத்துக்குத்தான் வருவார்கள். மங்களம் முடிந்தால் வாசலில் சுண்டல் கொடுப்பார்கள், அதனால்.

சங்கீதம் என்றால் என்னவென்று தெரியாத காட்டுப்பன்றிக்குக்கூட மங்களத்துக்கு முன்னால் வரும் ராகம் எதுவென்று தெரியும். மத்யமாவதி. அதில் ஒரு இழுப்பு காதில் விழுந்தால் போதும், அந்தக் காட்டில் எல்லாக் கால்களும் தாமாக எழுந்து வாசலைப் பார்த்து நடக்கும். குட்டியாக இருக்கும்போதே பழகிய கால்கள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் ஜோயல் என்கிற வவ்வால் அவளைத் தேடி வந்தான். இளவட்டங்களுக்குப் பாட்டுப் போட்டுக் கொடுப்பவன். தலைகீழாகத் தொங்கியபடியே எல்லாவற்றையும் பார்ப்பதால் அவனுக்குத் தோல்விகூட உயரமாகத்தான் தெரியும்.

"மேடம், உங்க குரல் ஆமைங்களோட முடிஞ்சுபோகக் கூடாது," என்றான். "மூணு நிமிஷம். நம்பிக்கை குடுக்கற மாதிரி ஒரு பாப் பாட்டு. காடு முழுக்கக் கேக்கும். கடைசிவரைக்கும் கேக்கும்."

கடைசிவரைக்கும் என்ற வார்த்தை அபயாம்பாளை என்னவோ செய்தது. சாஸ்திரம், சம்பிரதாயம், குருவுக்குக் கொடுத்த வாக்கு எல்லாம் ஒரு நிமிஷம் வரிசையாக வந்து நின்றன. வந்த வரிசையிலேயே போயும் விட்டன. அவள் சம்மதித்துவிட்டாள்.

ஜோயல் பாட்டு எழுதிக் கொண்டுவந்தான். 'சிறகு எதுக்கு, சும்மா வெச்சுக்கவா' என்று ஆரம்பிக்கும். சோர்ந்து கிடப்பவரெல்லாம் விரித்துப் பறந்தால் வானம் வழிவிடும் என்பது அதன் சாரம். மெட்டையும் போட்டு வைத்திருந்தான். மெட்டைக் கேட்டதும் அபயாம்பாள் இரண்டு கிளை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். இதைப் பாடினால் பாவம் அல்லவா என்று தண்டபாணியிடம் கேட்டாள். பாவம்தான் அக்கா, ஆனால் பரிகாரம் இருக்கிறதே என்றான் அவன். கச்சேரியில் சுருதி விலகினாலும் தாளம் தப்பினாலும் கடைசியில் மத்யமாவதி பாடிவிட்டால் எல்லாக் குற்றமும் நீங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்தப் பாட்டோ முதலெழுத்திலிருந்தே குற்றம். ஆகவே முதலெழுத்திலிருந்தே மத்யமாவதியில் பாடிவிடுவதுதான் முறை என்று இரண்டு பேரும் கூடி முடிவு செய்தார்கள்.

ஜோயலுக்கு ராகத்தைப் பற்றி அக்கறை கிடையாது. அவன் வவ்வால் இனத்தில் சுண்டல் சாப்பிடுகிறவர்களும் கிடையாது. நல்லாத்தான் இருக்கு மேடம் என்று சொல்லிப் பாட்டைப் பதிவு செய்து காடு முழுக்க வெளியிட்டுவிட்டான்.

பாட்டு வெளியான அன்று அபயாம்பாள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லார் போனிலும் பாட்டு ஓடியது. முதல் வரி வந்தது. கேட்டவர்கள் போனைக் கீழே வைத்தார்கள், எழுந்தார்கள், எங்கேயோ நடந்து போனார்கள். கொஞ்ச தூரம் போனபிறகுதான் எதற்கு வந்தோம் என்று நின்று யோசித்தார்கள். அதற்குள் பாட்டு, கேட்க ஆளில்லாத போனில் தன்பாட்டுக்கு முடிந்திருக்கும்.

"முதல் வரி எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம்," என்றான் ஜோயல். சிறகில்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பாட்டில் விளக்கம் இல்லை என்று ஒரு நத்தை மட்டும் வருத்தப்பட்டு எழுதியிருந்தது. அதுவும் எழுந்து போகாததால் கேட்டதல்ல. எழுந்து போய்க்கொண்டே கேட்டது. நத்தை சத்தம் எட்டாத தூரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

சபாவில் இதைவிட மோசம். விமர்சகர் ஆந்தை, தேவாமிர்தத்தைத் தகர டப்பாவில் ஊற்றி விற்கிறார் அபயாம்பாள் என்று எழுதியது. ஆமைகள் தூக்கத்திலேயே கண்டனம் தெரிவித்தன. அவளுடைய சாயங்காலக் கச்சேரியைப் பிடுங்கி ஒரு தவளைக்குக் கொடுத்துவிட்டு, அவளை மத்தியான வெயிலில் இலவசக் கச்சேரிக்குத் தள்ளினார்கள். முன்பு பாதியாவது கேட்பார்கள், இப்போது அதுவும் போச்சு என்று அவள் தண்டபாணியிடம் சொல்லி அழுதாள். பரிகாரமே பாவமாகிப் போன கதை அந்தக் காட்டில் அதற்கு முன் நடந்ததில்லை.

இப்போது சிங்கம் வரலாம்.

சிங்கத்தின் குகை வாசலில் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். குட்டையில் தண்ணீர் குடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு ஆதாரமாகத் தாகம் இருப்பதற்கான சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் தருகிற ஒட்டகச்சிவிங்கி விடுப்பில் இருக்கும். ஆகவே வரிசை கலையாது. உள்ளே இருக்கிற சிங்கத்துக்குத் தூக்கம் கெட்டது. ஏதாவது செய் என்று தன் செயலாளர் நரியைப் பிடித்து உலுக்கியது.

நரி வாசலுக்கு வந்தபோது வரிசையில் நின்ற முள்ளம்பன்றி ஒன்று பொழுது போகாமல் போனில் அபயாம்பாளின் பாட்டைப் போட்டது. முதல் வரி முடியவில்லை. மான், முயல், எருமை, போட்ட முள்ளம்பன்றி உள்பட மொத்த வரிசையும் தானாகத் திரும்பி நடந்து மறைந்துவிட்டது. நரியும் நாலடி நடந்துவிட்டு நின்று, காலியான வாசலைப் பார்த்தது. பிறகு உள்ளே போய், மகாராஜா, குறைகள் அனைத்தும் தீர்க்கப்பட்டன என்று அறிவித்தது.

அன்றிலிருந்து அபயாம்பாளின் பாட்டு இல்லாத இடமில்லை. குறைதீர் முகாமில் பாட்டு. கொக்கு டாக்டரின் மருத்துவமனையில் நோயாளிகள் அதிகமானால் பாட்டு. விருந்தாளிகள் நகராத வீடுகளிலும் அதுதான். காட்டிலேயே அதிகம் ஒலிக்கிற பாட்டு என்று ஜோயல் தலைகீழாகவே குதித்தான்.

சிங்கத்துக்கு மட்டும் ஒரு வருத்தம் பாக்கி இருந்தது. அது சொற்பொழிவு ஆற்றும்போது பாட்டே இல்லாமல் கூட்டம் பாதியில் நழுவியது. அதற்கும் நரி வழி கண்டுபிடித்தது. இனிமேல் காட்டில் எந்தக் கூட்டமானாலும் இந்தப் பாட்டு ஒலித்த பிறகுதான் கலைய வேண்டும். அதற்கு முன் எழுகிறவர் யாராக இருந்தாலும் புலியிடம் ஒப்படைக்கப்படுவார் என்று ஒரு ஆணை. சிங்கம் படித்துப் பார்க்காமல் பாதத்தை வைத்து ஒப்பமிட்டது. படிக்கிற பழக்கம் இருந்தால் அது ஏன் ராஜாவாகப் போகிறது?

அபயாம்பாளுக்கு 'வன எழுச்சி நாயகி' என்று பட்டம் கொடுக்க முடிவாயிற்று. ஜோயல் சந்தோஷத்தில் சிறகைத் தட்டினான். அபயாம்பாள்தான் கூட்டை விட்டு வெளியே வரவில்லை. தன் குரல் கேட்டால் எல்லாரும் ஓடுகிறார்கள், அதற்கு ஒரு பட்டமா என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. போகாவிட்டால் ராஜ குற்றம் அக்கா என்று தண்டபாணி சொன்ன பிறகுதான் கிளம்பினாள்.

விழா காலையில் தொடங்கியது. காடே திரண்டிருந்தது. சிங்கம் தாமதமாக வந்து நீளமாகப் பேசியது. பேசி முடித்து, மாலை போட்டு, அம்மா அந்த ஒரு பாட்டை மட்டும் பாடிவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று மைக்கை அவள் பக்கம் தள்ளியது.

அபயாம்பாள் கிளையில் ஏறி நின்றாள். வாயைத் திறந்தாள். அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தாள். ஒருவர்கூடத் தூங்கவில்லை. ஆமைகள்கூடக் கழுத்தை முழுசாக நீட்டியிருந்தன. முயல்கள் பின்னங்காலை மடக்கித் தயாராக இருந்தன. அத்தனை கண்ணும் அவள் அலகின் மேலேயே இருந்தன. வாழ்நாளில் இப்படி ஒரு கவனத்தை அவள் கண்டதில்லை. மேடை ஓரத்தில் தடியோடு நின்ற புலியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஏதோ புரிந்தது.

"தண்டபாணி, ஸ்ருதி சேத்துக்கோ," என்றாள்.

"அந்தப் பாட்டுக்கு மிருதங்கமே கிடையாதே அக்கா."

"முதல்ல வர்ணம் பாடிடலாம்."

வர்ணம் பாடினாள். அதன் பிறகு ஒரு கீர்த்தனை, அதன் பிறகு இன்னொன்று. கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஒரு குரங்கு லேசாக இடுப்பை உயர்த்தியது. புலி ஆணையைச் சத்தமாகப் படித்துக் காட்டியது. குரங்கு உட்கார்ந்து தாளம் போட ஆரம்பித்தது.

பிறகு தோடி ராகத்தை எடுத்தாள். எவ்வளவோ காலமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்த தோடி. யாரும் கொட்டாவி விடவில்லை. விட்டால் எழுவதாகப் புலி தப்பாக நினைத்துக்கொண்டால் என்ன செய்வது? சிங்கம் பாதி எழுந்தது. நரி அதன் காதில் ஏதோ கிசுகிசுத்தது. 'யாராக இருந்தாலும்' என்ற இடம் மட்டும் வெளியே கேட்டது. சிங்கம் மறுபடி உட்கார்ந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அதன் வயிறு உறுமிய உறுமலில், முன்வரிசை மான்கள் அதுவரை யாரும் கேட்டிராத அளவுக்கு உருகி உருகிக் கேட்டன.

தனி ஆவர்த்தனம் வந்தது. தண்டபாணி பழக்கதோஷத்தில் கேன்டீன் பக்கம் பார்த்தான். யாரும் போகவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான். எல்லாரும் இருந்தார்கள். மிருதங்கம் வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து காலி நாற்காலிகளுக்கே வாசித்து வந்தவன், அன்று அழுதுகொண்டே வாசித்தான். முடிக்க மனசில்லாமல் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். அபயாம்பாள் அவனைத் தடுக்கவில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்தது. ரசிகர்கள் பிடித்த பாட்டைக் கேட்டு எழுதி அனுப்புகிற சீட்டு. சிங்கமே அனுப்பியிருந்தது. அடியில் பாத ஒப்பம் இருந்தது.

அபயாம்பாள் அதைப் படித்துவிட்டு மைக்கில் பேசினாள். "மகாராஜாவே நேயர் விருப்பம் அனுப்பியிருக்கார். என் பாக்கியம். அந்தப் பாட்டை அவசியம் கடைசியில பாடறேன். அதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ராகம் தானம் பல்லவி."

கச்சேரியிலேயே நீளமான உருப்படி அது, பொழுதோ சாய்ந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல், முதல் ஸ்வரத்தில் நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதுவரை பாடியதே இல்லை. ஒருவரும் அசையவில்லை. இருக்கையை விட்டு எழவே முடியவில்லை என்று மறுநாள் ஆந்தை தன் விமர்சனத்தில் எழுதியது.

நீதி: கடைசிவரை கேட்க வைப்பதற்கு நல்ல குரல் மட்டும் போதாது, வாசல் கதவின் சாவியும் உங்கள் தொண்டையிலேயே இருக்க வேண்டும்.