சூடாகாத மேசை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது பழைய கதை. கண்ணெதிரே இருக்கும் நெருப்பைக் கண்டுபிடிக்காமலே இருப்பது எப்படி என்று உலகத்துக்குக் காட்டிய பெருமை எங்கள் ஆய்வகத்தையே சேரும். இங்கே எந்த பேட்டரி செல்லும் சோதனையில் தோற்றதில்லை. பள்ளிக்கூடங்கள்கூட இப்படி ஒரு தேர்ச்சியைக் கனவு காண முடியாது. இந்த ஆய்வகத்தில் அறிக்கை எழுதும் பாக்கியம் பெற்றவன் நான்.

கைபேசிக்குள் இருக்கும் லித்தியம்-அயன் செல் சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுத்துக் காலம் தள்ளும். எங்கள் செல் அப்படியல்ல, கேட்டவுடன் மொத்தமாக அள்ளிக் கொடுக்கும். அப்படிக் கொடுக்கும்போது சூடாகும். எவ்வளவு சூடாகிறது, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றி இறக்கினால் தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. தேறிய செல்களெல்லாம் படியேறும் நாற்காலிக்குப் போகின்றன. நடக்க முடியாதவரை உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினால், அது அவரைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறும், இறங்கும். செல்களின் இடம் இருக்கைக்கு நேர் கீழே, ஒரு மூடிய பெட்டியில், ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு.

என் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. தெருவை அவள் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள்.

"டேய், உங்க நாற்காலி எப்படா வரும்? கீழ இறங்கி நானே பாத்துக் காய் வாங்கணும். நீ வாங்கிட்டு வர்ற வெண்டைக்காய உடைக்க சுத்தியல் தேவைப்படுது."

"வந்துடும்க்கா."

சோதனை அறைக்கு வருவோம். செல்லின் உடம்பில் வெப்பமானிக் கம்பியை டேப்பால் ஒட்டிவிட்டு, செல்லிலிருந்து மின்சாரத்தை முழு வேகத்தில் இழுக்க வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தோம். செல் கொதித்தது, டேப்பின் பசை இளகியது, கம்பி கழன்று விழுந்தது. திரும்ப ஒட்டினால் திரும்ப விழுந்தது. மேலாளர் நேரில் வந்தார். தினமும் காலையில் எங்களை வட்டமாக நிற்கவைத்து 'நேர்மறை மூச்சு' விடச் சொல்பவர் அவர்.

"டேப்பு எங்க நல்லா ஒட்டுது?"

"மேசையில சார்," என்றார் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பொறியாளர்.

"அப்ப மேசையிலயே ஒட்டுங்க."

"சார், அது மேசையோட சூட்டத்தானே காட்டும்?"

"செல்லு எங்கம்மா இருக்கு?"

"மேசை மேல."

"அப்புறம் என்ன?"

அன்றிலிருந்து எங்கள் முடிவுகளில் ஒரு நிதானம் குடியேறியது. எவ்வளவு மின்சாரத்தை இழுத்தாலும் செல்லின் வெப்பம் அறையின் வெப்பத்தைத் தாண்டுவதேயில்லை. கூடுதல் அக்கறையாக, ஏசியை முழுக்கத் திருகி, ஆளுயர மின்விசிறி ஒன்றையும் செல்லுக்கு எதிரே நிறுத்தினோம். கணக்குப் பிரிவினர் சாப்பாட்டு டப்பாவோடு எங்கள் அறைக்கு வர ஆரம்பித்தார்கள். நாற்காலியின் பெட்டிக்குள் ஏசியும் மின்விசிறியும் உண்டா என்று கேட்கும் அளவுக்கு யாருக்கும் எதிர்மறை எண்ணம் வரவில்லை.

'தோல்வி' என்ற சொல்லையே மேலாளர் தடைசெய்துவிட்டார். செல் சூடானால் 'உற்சாகம்'. வீங்கினால் 'வளர்ச்சி'. ஒருமுறை ஒரு செல் சீறிப் புகை விட்டபோது, 'செல் தன் கருத்தை வெளிப்படையாகப் பகிர்ந்துகொண்டது' என்று எழுதினேன். மேலாளர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொறியாளர் மட்டும் ஒருநாள் விரலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"செல்ல லேசாத்தான் தொட்டேன் சார். கொப்புளம் போட்டிருச்சு."

"விரல் என்ன, அங்கீகரிக்கப்பட்ட கருவியா?"

"இல்ல சார்."

"அப்ப அது சொல்றத எப்படி நம்புறது?"

இந்த அறிவியல் நோக்குக்கு முன்னால் கொப்புளம் எம்மாத்திரம். பொறியாளருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. செல் தேறிவிட்டது என்ற அறிக்கையில் இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் நாற்காலி தயாராகி அலுவலக மாடிப்படி அருகே வந்து நின்றது. ரிப்பன் கட்டி, கேமராவும் வைத்தாயிற்று. "முதல் பயணம் யாரு போறீங்க?" என்று மேலாளர் கேட்டார். கூட்டத்தில் எல்லோருக்கும் திடீரென்று அடக்கம் வந்துவிட்டது.

"நான் நல்லாத்தானே சார் நடக்குறேன், தேவைப்படுறவங்க இடத்த எடுத்துக்கலாமா?" என்றார் விற்பனைத் தலைவர்.

"நான் கைதட்டணும் சார்," என்றார் கணக்காளர்.

மேலாளர் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு மணல் மூட்டையை உட்காரவைத்தோம். அது முதல் மாடி வரை கம்பீரமாகப் போய்ச் சேர்ந்தது. இறக்கியபோது மூட்டையின் அடிப்பக்கம் கருகியிருந்தது. மூட்டை புகார் எதுவும் சொல்லாததால், 'பயணி திருப்தி' என்று எழுதிக்கொண்டேன்.

மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார்.

"உங்க அக்காவுக்கு முட்டி சரியில்லன்னீங்கள்ல? இந்த நாற்காலி அவங்களுக்குத்தான். இலவசமா. ஒரு விழாவா வெச்சுக் கொடுத்துடலாம்."

அக்காவின் ஜன்னல் நினைவுக்கு வந்தது. மூட்டையின் அடிப்பக்கமும் நினைவுக்கு வந்தது.

"வேணாம் சார். அக்காவுக்கு மூணாவது மாடிக் காத்துன்னா உயிரு."

மேலாளரின் அம்மாவாலும் நடக்க முடியாது.

"புரியுது," என்றார். "எங்க அம்மாவும் மாடிய விட்டு இறங்க மாட்டேங்குறாங்க."

நாற்காலிகள் மறுவாரமே மருத்துவமனைகளுக்குக் கிளம்பின. ஒவ்வொன்றோடும் என் அறிக்கை போனது. 'இருக்கை எந்நேரமும் குளுமையாக இருக்கும்' என்ற வரி என் சொந்தக் கற்பனை. அதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். ஜன்னலோரம் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"கேடயம் வந்துருச்சு. நாற்காலி எங்கடா?"

"இன்னும் சோதனையே பண்ணலக்கா."

எங்கள் ஆய்வகத்தைப் பற்றி இன்றுவரை வெளிவந்த ஒரே உண்மையான அறிக்கை அதுதான். மருத்துவமனைகளுக்கு அதன் நகலை நாங்கள் அனுப்பவில்லை. அங்கே அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் வேறு யார் யாருடையவோ அக்காக்கள்தானே.