கெண்டியோடு ஓடியவன்

வாதி சுமைர் நகராட்சி எல்லைக்குள் ஒரு மனிதன் ஓடினால் அதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். ஒட்டகம் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கலாம், அல்லது வண்டி கெட்டுப்போயிருக்கலாம். மூன்றாவது காரணம் எதையும் ஊர் அதுவரை அங்கீகரித்ததில்லை.

டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால் ஜன்னலுக்கு டீ வந்துவிடும். கடைக்கு நேர் எதிர்வீட்டுக்காரரும் வண்டியில்தான் வருவார், ஹாரன்தான் அடிப்பார். அப்படிப்பட்ட ஊரில் முஹன்னா என்ற தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவன் தினமும் விடியற்காலையில் ஓடினான். ஓடினான் என்று சொல்வது முழு உண்மையல்ல. ஓடத் தொடங்குவான். நாலாவது கிலோமீட்டருக்குள் ஒரு வண்டி பக்கத்தில் வந்து நிற்கும்.

"வண்டி கெட்டுப்போச்சா?"

"இல்லைங்க, சும்மா ஓடறேன்."

"சும்மாவா? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்ப ஏறு. வெக்கப்படாதே, யாருக்கும் சொல்ல மாட்டேன்."

ஏறாவிட்டால் அவர் மனம் புண்படும். ஏறுவான். இப்படி ஆறு வருஷமாக அவனை ஊரே அன்போடு தோற்கடித்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. நாட்டு அணிக்கான தேர்வு ஓட்டத்துக்கு ஒருமுறை போக வேண்டும். அதற்கு, முறைப்படி நடந்த ஒரு மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடித்த சான்று தேவை. வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு முப்பது ஆக இரண்டு மாதம் இருந்தபோதுதான், பக்கத்து ஊர் நகராட்சி மாரத்தான் நடத்தி 611 பேரை ஓட வைத்துவிட்டது என்ற அவமானச் செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் முதீர் துவைனி கூட்டம் கூட்டினார். நகராட்சித் தலைவரை நாங்கள் முதீர் என்போம். அவர் எதிரில் இல்லாதபோது வேறு பெயரும் உண்டு.

"நாம 612 பேரை ஓட வைக்கறோம்," என்றார். "யாரு ஓடறாங்க, ஏன் ஓடறாங்கங்கறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று மாலையே சுற்றறிக்கை போயிற்று. எங்கள் நகராட்சியில் சுற்றறிக்கைகளை இரண்டு மொழியிலும் எழுதித் தட்டச்சு செய்வது இருபது வருஷமாக என் வேலை. வாசகம் இது: 'மேற்படி ஓட்டத்தில் அனைத்து ஊழியர்களும் தாமாக முன்வந்து கலந்துகொள்ள வேண்டும் எனக் கண்டிப்பாக உத்தரவிடப்படுகிறது. முன்வரத் தவறுபவர்கள் அதற்கான விளக்கத்தை மூன்று நாளுக்குள் சமர்ப்பிக்கவும்.' அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் முன்வந்தார்கள். முதல் எண் முதீருக்கு. கடைசி எண்ணை, யாரும் கேட்காமல் தானாக வந்த ஒரே ஆள் என்பதால், சந்தேகத்தோடு முஹன்னாவுக்குக் கொடுத்தார்கள்.

உலக விதிப்படி ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓடுபவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். மொத்தம் எட்டு இடம். அந்தக் கௌரவத்தை ஊரின் எட்டுப் பெரிய குடும்பங்களுக்கு முதீர் பகிர்ந்தளித்தார். தவறு அங்கேதான் நடந்தது. ஆனால் அப்போது அது எங்களுக்குத் தவறாகத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

குடிக்கக் கொடுப்பதென்றால் காகிதக் குவளையில் தண்ணீரை நீட்டுவது என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் நாய்க்குக்கூட அப்படிக் கொடுக்க மாட்டார்கள். எட்டுக் குடும்பமும் எட்டுக் கூடாரம் அடித்தது. கம்பளம் விரித்தது. பேரீச்சம்பழம், அல்வா, மூன்றாவது கூடாரத்தில் மண்ணுக்குள் புதைத்துச் சுட்ட ஆடு. வருகிறவரை உட்கார வைத்து, "செய்தி என்ன?" என்று கேட்க வேண்டும். அவர் "நல்ல செய்திதான்" என்று சொல்ல வேண்டும். பிறகு பழம். பிறகு கெண்டியிலிருந்து காவா என்னும் ஏலக்காய்க் காப்பி. மறுபடி செய்தி. கிண்ணம் காலியானால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். இதில் எதையும் விட்டுவிட்டு ஒருவர் கூடாரத்தைத் தாண்டிப் போனால், அந்த வீட்டோடு அவருக்குப் பகை என்று பொருள்.

இது முஹன்னாவுக்குத் தெரியும். அதனால் முந்தைய வாரமே ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து, செய்தி சொல்லி, காவா குடித்து, முன்கூட்டியே மரியாதையைத் தீர்த்துவிட்டான். ஏழு வீடு முடிந்தது. எட்டாவது வீட்டுக்காரர் குஸ்ன் ஒட்டகங்களோடு மேய்ச்சல் நிலத்தில் இருந்தார். பந்தயத்தன்று காலையில்தான் திரும்பினார். அந்தக் குஸ்னின் மகள் ராயாவோடுதான் முஹன்னாவுக்குக் கல்யாணப் பேச்சு முடிவாகும் நிலையில் இருந்தது.

ஜனவரி மாதம், காலை ஆறு மணி. முதீர் கொடியசைத்தார். அசைத்துவிட்டு, தானும் எண் ஒன்று என்பது நினைவுக்கு வந்து, தன் வண்டியில் ஏறி ஓட்டத்தில் கலந்துகொண்டார்.

முடிவுக் கோட்டில் நானும் பதிவுப் பிரிவு ஷம்ஸாவும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். எங்களிடம் கடிகாரமும் முத்திரையும் இருந்தன. எட்டரை மணி வரை மணலைத் தவிர யாரும் வரவில்லை.

எட்டு ஐம்பத்தைந்துக்குச் சாலையின் கோடியில் இரண்டு உருவம் தெரிந்தது. முன்னால் முஹன்னா. பக்கத்தில், வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் வெள்ளிக் கத்தி குதிக்க, ஒரு கையில் கெண்டியும் மறு கையில் கிண்ணமுமாக, ஐம்பத்தெட்டு வயதுக் குஸ்ன்.

நடந்தது இதுதான். ஏழு கூடாரங்களை முஹன்னா "போன வாரமே குடிச்சாச்சு!" என்று கத்திக்கொண்டே தாண்டிவிட்டான். எட்டாவதில் குஸ்ன் சாலையின் நடுவில் நின்றிருந்தார்.

"வா மாப்பிள்ளை, உட்காரு."

"மாமா, உட்கார்ந்தா என் வாழ்க்கையே போயிடும்!"

"உட்காராட்டி பொண்ணு போயிடுமே!"

முஹன்னா நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே குதித்துக்கூடப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே ஓடினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குஸ்ன் ஒரு கணம் யோசித்தார். விருந்தாளி உட்கார வேண்டும் என்று வழக்கம் சொல்கிறது. ஆனால் விருந்தாளி குடிக்காமல் போகக் கூடாது என்று அதைவிட உரக்கச் சொல்கிறது. செருப்பை உதறினார். ஒட்டகத்தைத் துரத்தி வளர்ந்த கால்கள். இருநூறு அடியில் பிடித்துவிட்டார்.

"செய்தி என்ன?" என்றார், மூச்சு வாங்க.

"நல்ல... செய்திதான்... மாமா."

"ஊர்ல... மழை உண்டா?"

"இல்லை... மாமா."

"இந்தா, குடி."

இரண்டு கிலோமீட்டரில் மூன்று கிண்ணம். பாதி அவன் வாயிலும் பாதி சட்டையிலும் போயிற்று. மூன்றாவது கிண்ணத்தை அவன் ஆட்டிக் காட்டியதும், இருவரும் கோட்டைத் தாண்டியதும் ஒரே நேரத்தில் நடந்தன. இரண்டு மணி, ஐம்பத்தெட்டு நிமிடம், இருபது நொடி.

குஸ்ன் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ரொம்ப நாள் ஆச்சுடா இப்படி ஓடி! பொண்ணைக் கட்டிக்கோ. இப்படி ஒரு விருந்தாளி எனக்குக் கெடைக்கவே மாட்டான்."

ஷம்ஸா சிரிக்கவில்லை. "பந்தயம் இன்னும் நடந்துட்டிருக்கு. நீங்க எப்படி முடிச்சீங்க?"

"ஓடி வந்தேங்க."

"மத்தவங்க எங்க?"

"உட்கார்ந்திருக்காங்க."

"அப்ப நீங்க மட்டும் ஏன் வந்தீங்க? அது சரி, இந்தக் கெண்டிக்கு எண் இருக்கா?"

முதல் கூடாரத்தில் வேறொரு சிக்கல். பந்தயத்துக்குச் சான்று வழங்க வந்திருந்த வெளிநாட்டு ஆய்வாளர் லார்ஸன், பாதையை அளக்கும் மிதிவண்டியோடு ஆறேகாலுக்கே அங்கே உபசரிக்கப்பட்டார். கிண்ணத்தை ஆட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. குடித்துக் கீழே வைப்பார், நிரம்பும். மரியாதைக்காக மறுபடி குடிப்பார். நண்பகலில் அவர் முப்பத்தோராவது கிண்ணத்தில் இருந்தார். கண்கள் இமைப்பதை நிறுத்தியிருந்தன.

அறுநூற்றுப் பதினொரு பேரும் இப்படியே உட்கார்ந்திருந்தால் மாலைக்குள் முடியாது, முடிந்தாலும் பத்து மணி நேர மாரத்தான் என்று பக்கத்து ஊர் சிரிக்கும். முதீர் எனக்குத் தொலைபேசியில் ஓர் அவசரச் சுற்றறிக்கை சொன்னார்: 'விருந்தோம்பலில் செலவான நேரம் ஓட்ட நேரமாகாது. ஒவ்வொரு கூடாரத்தாரும் தம்மிடம் விருந்தாளி இருந்த நேரத்தைச் சீட்டில் எழுதி ஒப்பமிட, அது மொத்தத்திலிருந்து கழிக்கப்படும்.' பிறகு லார்ஸனிடம் போனார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"இப்படி ஒரு விதி உலகத்துல எங்கயும் கிடையாது," என்றார் லார்ஸன், முப்பத்திரண்டாவதை ஏந்தியபடி.

"கையெழுத்துப் போட்டா, காவாவை எப்படி நிறுத்தறதுன்னு சொல்லித் தரேன்."

லார்ஸன் படிக்காமலே போட்டார்.

ஆனால் சீட்டு எழுதுவது எங்கள் ஊர்க்காரர்கள். முதல் கூடாரத்தார் உண்மையாக இருபது நிமிடம் என்று எழுதப் போனார்கள். இரண்டாவது கூடாரத்தில் நாற்பது எழுதினார்கள் என்று செய்தி வந்தது. "நம்ம வீட்ல இருபதே நிமிஷமா? விருந்தாளியை விரட்டி விட்டோம்னு பேசுவாங்களே!" உடனே ஒரு மணி ஆயிற்று. மூன்றாவது கூடாரத்தார் ஆடு போட்டவர்கள். ஒன்றரைக்குக் குறைய அவர்களுக்கு மனம் வரவில்லை.

மாலை நாலு மணிக்கு முதீர் முடிவுக் கோட்டில் வண்டியை நிறுத்தி, கடைசி அடியை மட்டும் நடந்து கடந்தார். மொத்தம் பத்து மணி நேரம். அவருடைய எட்டுச் சீட்டுகளைக் கூட்டினேன்: பத்து மணி நாற்பது நிமிடம். கழித்தேன். மறுபடி கழித்தேன்.

"முதீர், நீங்க கிளம்பறதுக்கு நாற்பது நிமிஷம் முன்னாடியே வந்துட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு," என்றார்.

எல்லோருக்கும் கழித்தல் குறிதான். ஒருவனைத் தவிர. குஸ்னிடம் சீட்டை நீட்டியபோது அவர் கறாராக மறுத்துவிட்டார். "அவன் என் வீட்ல ஒரு நிமிஷம்கூட உட்காரலை. பொய்யெல்லாம் எழுத மாட்டேன்." இவ்வாறாக வாதி சுமைர் முதல் மாரத்தானில் முதலிடம் முதீர் துவைனி. அறுநூற்றுப் பன்னிரண்டாவதும் கடைசியுமான இடம், மற்ற அனைவரையும்விடப் பல மணி நேரம் பின்தங்கி வந்த முஹன்னா. முடிவுத் தாளை நான்தான் தட்டச்சு செய்தேன். பிழை எதுவும் இல்லை.

முஹன்னா தாளை இரண்டு முறை படித்தான். "அண்ணே, உங்க கண்ணு முன்னாடிதானே வந்தேன்?"

"வந்தேப்பா. ஆனா கணக்குப்படி நீ வந்தப்ப எல்லாரும் வந்து வீட்டுக்கே போயிட்டாங்க."

மூன்று மணி நேரத்துக்குள் எத்தனை பேர் முடித்தாலும், தலைநகரின் தேர்வுக் குழு ஒரு மாரத்தானில் முதலிடம் பெற்றவரை மட்டுமே அழைக்கும். அவர்களின் படிவத்தில் கழித்தல் குறி போடக் கட்டம் இல்லை. அதனால் குறியை விட்டுவிட்டார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் ஓடும் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் எங்களிடம் இருப்பது இப்படித்தான் நாட்டுக்குத் தெரியவந்தது. வயது வரம்பை அவருக்காகத் தளர்த்தினார்கள். அழைப்புக் கடிதத்தைப் பார்த்த முதீர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு ஒரு விதி கண்டுபிடி," என்றார் என்னிடம்.

கண்டுபிடித்தேன். முஹன்னாவின் பதிவில் ஷம்ஸா 'கெண்டி தாங்கியவர் ஒருவர் உடன் வந்தார்' என்று எழுதி, லார்ஸனும் அதில் ஒப்பமிட்டிருந்தார். ஆக, ஓட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கெண்டி தாங்கி உலக அங்கீகாரம் பெற்ற உரிமை. முதீர் தன் கெண்டி தாங்கியாக முஹன்னாவை நியமித்தார். வயது வரம்பு கெண்டி தாங்கிக்குக் கிடையாது.

தலைநகர் ஓட்டத்தில் இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு வண்டி முதீரின் பக்கத்தில் வந்து நின்றது. "வண்டி கெட்டுப்போச்சா, பெரியவரே?" அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல முதீர் ஏறிக்கொண்டார். முஹன்னா கெண்டியோடு தொடர்ந்து ஓடினான். குழுவின் அறிக்கை இவ்வாறு முடிகிறது: 'வாதி சுமைர் ஓட்டக்காரரின் கெண்டி 2 மணி 54 நிமிடத்தில் முதலாவதாக வந்து சேர்ந்தது. ஓட்டக்காரரும் அதனுடன் வந்ததாகக் கொள்ளப்படுகிறது.'

முதீர் இப்போது நாட்டு அணியில் இருக்கிறார். முஹன்னாவும் எல்லா நாட்டுக்கும் போகிறான். பதவி: கெண்டி தாங்கி, மூன்றாம் நிலை. ராயாவோடு கல்யாணமும் ஆயிற்று. விருந்தில் மாப்பிள்ளையை உட்கார வைக்கக் குஸ்ன் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

ஊரிலும் ஓட்டம் நாகரிகமாகிவிட்டது. கடைத்தெருவில் எடை குறைந்த ஓட்டக் கெண்டி விற்கிறார்கள். முதீர் படம் போட்டது. எல்லா வீட்டு அலமாரியிலும் ஒன்று பளபளக்கிறது.

விடியற்காலையில் முஹன்னா ஒருவன்தான் ஓடுகிறான், இப்போது கெண்டியோடு. யாரும் அவனிடம் வண்டி கெட்டுப்போச்சா என்று கேட்பதில்லை. கெண்டியோடு ஓடுகிற மனிதனுக்குத் தகுந்த காரணம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி, ஜன்னலை இறக்கி, கிண்ணத்தை நீட்டுகிறார்கள். அவன் ஓடிக்கொண்டே ஊற்றுகிறான்.

நேற்று நானும் நீட்டினேன். அவன் ஊற்றிவிட்டு, "செய்தி என்ன அண்ணே?" என்றான்.

"நல்ல செய்திதான்," என்றேன். காவா ஆறிப்போயிருந்தது. அதைச் சொல்வதற்காக ஹாரன் அடித்தேன்.