சொந்தமாக ஒரு வலைப்பூ

போன பெருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகாலுக்கு, நான் ஒரு புரட்சி செய்தேன். எனக்கென்று சொந்தமாக ஓர் இடம் எடுப்பது என்று முடிவெடுத்தேன். காணி இல்லை. காணி வாங்க எனக்கு எங்கே வக்கிருக்கிறது? வலைப்பூ.

சிரிக்காதீர்கள். முதலில் என் நிலைமையைக் கேளுங்கள்.

நாங்கள் இருப்பது அம்பிட்டியவில். வீடு என் மனைவி ஸுமைராவின் பேரில். அவளுடைய வாப்பா சீதனமாகக் கொடுத்தது. இப்படி மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுகிற கல்யாணத்துக்குச் சிங்களத்தில் 'பின்ன' என்று ஒரு பெயர் உண்டு. பதினேழு வருடமாக நான் பின்ன மாப்பிள்ளை. பாடசாலையில் பூகோளம் படிப்பிக்கிறேன். உலகத்தில் எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் இடையில் எல்லை எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டில் என்னுடைய எல்லை அலுமாரியின் கீழ்த்தட்டு. அதிலும் பாதியில் கம்பளிப் போர்வை இருக்கிறது.

மனதில் இருப்பதைக் கொட்டலாம் என்று முகநூலில் எழுதிப் பார்த்தேன். 'இன்றைக்குப் பருப்பில் உப்பு கூட' என்று ஒரே ஒரு வரி. எட்டு நிமிடத்தில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மாமி, ஸுமைராவின் உம்மா, போன் எடுத்தார். கட்டாரிலிருந்து மச்சான் ரிஸ்மி கோபமுகம் போட்டான். மனைவி பக்கத்துச் சொந்தத்தில் முப்பத்தாறு பேர் எனக்கு இரத்த அழுத்தம் பற்றி அறிவுரை சொன்னார்கள். பருப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அன்றைக்கே பஸ் ஏறி பிலிமத்தலாவைக்குப் போனேன். அங்கே என் பழைய மாணவன் ஷப்ராஸ் கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். பூகோளத்தில் எப்போதும் பெயில். ஆனால் இந்த விசயங்களில் கெட்டிக்காரன்.

"ஸேர், ரெண்டு வழி இரிக்கி" என்றான். "ஒண்டு, சும்மா தாற இடம். கம்பனிக்காரன்ட சேர்வர். நீங்க போய் எழுதினா சரி. கூரை, சுவர், பூட்டு எல்லாம் அவன் பாத்துக்குவான்."

"மத்தது?"

"சொந்தம். டொமைன், அதாவது தளத்துட பேரு, உங்கட. ஹோஸ்டிங், அதாவது இடம், அதுவும் உங்கட. சொப்ட்வெயாரும் நீங்கதான் ஏத்தோணும். உடைஞ்சா நீங்கதான் கட்டோணும். எவனாவது உள்ளுக்குப் பூந்தா நீங்கதான் அழோணும்."

"சும்மா தாறதுல என்ன குறை?"

"குறை ஒண்டுமில்ல ஸேர். அவன்ட வீடு, அவன்ட சட்டம். நிறம் மாத்துறதுக்கும் அவன் விட்டாத்தான். பிடிக்காட்டி ஒரு நாளைக்கு இழுத்துப் பூட்டிடுவான். நீங்க எழுதினதெல்லாம் உள்ளுக்கு, நீங்க வெளிய."

நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். "டேய், இது நான் இப்ப இரிக்கிற வீடுடா!"

"அப்ப உங்களுக்குப் பழக்கம்தானே" என்றான் பாவி. "சும்மா தாற இடத்துக்கே போங்க ஸேர். பத்துப் பேர் வாசிக்கிறதுக்கு சொந்த சேர்வர் என்னத்துக்கு?"

நல்ல புத்திதான் சொன்னான். நான் கேட்கவில்லை. ஒரு மனுசன் எத்தனை இடத்தில்தான் பின்னயாக இருக்கிறது? எனக்குச் சொந்தம்தான் வேண்டும் என்று மேசையில் அடித்துச் சொன்னேன். அவன் மேசையில் திருத்த வந்திருந்த ஒரு போன் கீழே விழுந்தது.

வந்தது ஒரு சிக்கல். இதையெல்லாம் எடுக்க வெளிநாட்டுக்கு வேலை செய்கிற பேங்க் காட் வேண்டுமாம். என்னுடைய காட் கண்டி டவுனைத் தாண்டாது. ஸுமைராவின் காட் கண்டம் தாண்டும்.

ஸுமைராவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் கண்டியில் ஒரு நொத்தாரிசு ஒபிஸில் கிளாக். இருபது வருடமாகக் காணி உறுதிப் பத்திரங்கள் டைப் அடிக்கிறாள். எந்தச் சொத்து யார் பேரில் இருக்க வேண்டும் என்று அந்த நொத்தாரிசுக்குச் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பார். அப்படிப்பட்டவளிடம் போய் நான் பொய் சொன்னேன். என் தைரியத்தை நீங்கள் பாராட்டத்தான் வேண்டும்.

"வெப்சைட்டா? என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

"ஸ்கூல் பிள்ளைகளுக்கு. பூகோளம். படம், வரைபடம்... எரிமலை."

"எரிமலையா?"

"எரிமலையும்."

"ஸ்ரீலங்காவில எரிமலையே இல்லையே."

"அதனாலதான் வெப்சைட்ல காட்டோணும்."

மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைப் பதினேழு வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் அதை வாசிக்கப் பழகவில்லை.

"காட்டைத் தாங்க, நான் அடிச்சிக்கிறேன்" என்றேன்.

"காட் நம்பர் ஒருத்தருக்கும் காட்டப்படாதுண்டு பேங்க்கில சொல்லியிரிக்கி."

"நான் ஒருத்தனா? நான் புருஷன்!"

"புருஷனுக்குக் காட்டலாம்ண்டு அதுல எழுதியில்ல. நகருங்க."

நகர்ந்தேன். லெப்டொப்புக்கு முன்னால் அவள் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன்.

"வெப்சைட்டுக்குப் பேரு?"

பொய் சொன்ன வாய், வேறு என்ன சொல்லும்? "எரிமலை" என்றேன்.

"ஆள் பேரு?"

"என்ட பேரு. இப்திகார்."

"காட்டில இரிக்கிறது என்ட பேரு. ரெண்டும் ஒண்டா இல்லாட்டி பேங்க்கில நிப்பாட்டிடுவாங்க. என்ட பேரையே போடுறேன். இமெயில்?"

"என்ட இமெயில்..."

"அதுட பாஸ்வேர்ட் மறந்து மூணு மாசம். என்டதப் போடுறேன்."

நியாயம்தானே? எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெப்சைட்டில் என்ன எழுதப் போகிறேன் என்று அவள் கேட்கவே இல்லை. அடுத்ததாக நிபந்தனைகள் வந்தன. முப்பத்தொரு பக்கம்.

"ஒப்புக்கொள்றேன்ண்டு அமத்துங்க, முடிஞ்சி" என்றேன்.

"வாசிக்காம அமத்துறதா? எங்கட ஒபிஸுக்கு வந்து அழுறவங்க எல்லாரும் அப்படி அமத்தினவங்கதான். நீங்க போய் ஒரு தேத்தண்ணி ஊத்திட்டு வாங்க."

ஊத்தினேன். இஞ்சி தட்டிப் போட்டு ஊத்தினேன். அவள் முப்பத்தொரு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டு, என் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு துண்டில் எழுதி நீட்டினாள். "இந்தாங்க சாவி" என்றாள். நான் அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்படித்தான் 'எரிமலை' பிறந்தது. நான் அதில் 'குமுறன்' என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினேன்.

சொந்த வீட்டின் சுகம் முதல் வாரமே தெரிந்துவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி ஒரு பட்டன் மின்னியது. அமத்தினேன். வெப்சைட் முழுக்க வெள்ளையாகிவிட்டது. ஷப்ராஸ் வந்து மீட்டான். அடுத்த நாள் ஒரே இரவில் நானூறு கருத்துகள். அடடா, உலகமே வாசிக்கிறது என்று துள்ளினேன். எல்லாமே முடி வளர்கிற மருந்து விளம்பரம். எனக்கு இருக்கிற முடிக்கு அதுவும் தேவைதான் என்று ஷப்ராஸ் சொன்னான். அவனுக்குப் பூகோளத்தில் மட்டுமில்லை, மரியாதையிலும் பெயில் போட்டிருக்க வேண்டும். என்றாலும் என் நெஞ்சு நிறைந்திருந்தது. ஒழுகினாலும் அது என் கூரை.

முதல் பதிவு பருப்பைப் பற்றி. உப்பை அள்ளிப் போடுவது ஒரு வகை அடக்குமுறை என்று ஆதாரத்தோடு நிறுவினேன். அடுத்த நாள் பகல் சாப்பாட்டில் பருப்பை வாயில் வைத்தேன். உப்பு அளவு! யா அல்லாஹ், அப்படி ஓர் அளவு!

இரண்டாவது பதிவு அலுமாரி. ஒரு பூகோள ஆசிரியனைக் கீழ்த்தட்டுக்குள் அடைத்து வைத்த வரலாறு. எழுதி இரண்டு நாளில் நடுத்தட்டு எனக்காகக் காலியாக இருந்தது. கம்பளிப் போர்வை இடம் பெயர்ந்திருந்தது.

மூன்றாவது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என்னை மூன்று தரம் மார்க்கெட்டுக்கு அனுப்புவது. அடுத்த ஞாயிறு ஒரே ஒரு தரம்தான் போனேன்.

ஷப்ராஸுக்குப் போன் போட்டேன். "பாத்தியாடா எழுத்துட வலிமைய? நான் எழுதுறேன், வீடு திருந்துது!"

"எத்தன பேர் வாசிக்கிறாங்க ஸேர்?"

"ஒருத்தர். ஒவ்வொரு நாளும் தவறாம வாறார்."

"அது நீங்களா இரிக்கும்."

"நான் கணக்கில சேரமாட்டேன். நீதானே அப்படி செஞ்சி தந்த?"

"ஓ, உண்மதான். அப்ப யாரு?"

லண்டனில் ஒரு பேராசிரியர் என்று நான் தீர்மானித்திருந்தேன். வயதானவர். தமிழ் தெரிந்தவர். மனைவிக்குப் பயந்தவர். அவருக்காக வசனங்களை இன்னும் கொஞ்சம் மெருகேற்றி எழுதினேன்.

இப்படிக் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில்தான் இடி விழுந்தது. ஹுன்னஸ்கிரியவில் குளிர் தாங்க முடியவில்லையாம். மாமி எங்கள் வீட்டுக்கு வருகிறாராம். ஒரு மாதத்துக்கு.

மாமி நல்ல மனுசி. நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் வந்தால் டீவியும் சாய்மனைக் கதிரையும் ஜன்னல் பக்கமும் அவருடையவை. நான் பாடசாலை விட்டு வந்து வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று யோசிக்கிற மாதிரி ஆகிவிடும்.

இந்த முறை விடுவதில்லை. குமுறன் எழுந்தான். 'மாமியார் விசா' என்று தலைப்புப் போட்டேன். ஒரு நாட்டுக்குள் வர விசா வேண்டும் என்றால் ஒரு வீட்டுக்குள் வர ஏன் வேண்டாம்? தங்கும் காலம் ஏழு நாள். நீடிப்பு இல்லை. ரிமோட் தடைசெய்யப்பட்ட பொருள். சாய்மனைக் கதிரை பாதுகாக்கப்பட்ட வலயம். எழுதிவிட்டு நானே மூன்று தரம் வாசித்துச் சிரித்தேன். என் வாழ்க்கையில் எழுதியவற்றில் அதுதான் உச்சம். நான் எழுதினால் இந்த வீடு திருந்தும். அதற்கு இரண்டு நாள் போதும். மாமி வர இன்னும் மூன்று நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, பிஸ்மி சொல்லி, 'வெளியிடு' பட்டனைத் தேடினேன். காணவில்லை. அது இருந்த இடத்தில் 'மீளாய்வுக்கு அனுப்பு' என்று இருந்தது. சொப்ட்வெயார் புதுப்பித்து வார்த்தை மாறியிருக்கும் என்று நினைத்து அமத்தினேன். பதிவு வெளியாகவில்லை. ஷப்ராஸை அழைத்தேன்.

"ஸேர், உங்கள பதவி இறக்கியிரிக்கி" என்றான். "இப்ப நீங்க பங்களிப்பாளர் மட்டும். எழுதலாம். வெளியிட ஏலாது. நிர்வாகி பாத்து விட்டாத்தான்."

"நான்தானேடா நிர்வாகி?"

"டொமைன் யாருட பேரில ஸேர்?"

நான் லெப்டொப்பை மெல்ல மூடினேன்.

"இமெயில் யாருட?"

திரும்பவும் திறந்தேன்.

"காட்?"

"டேய், நீ பூகோளத்தில பெயில்டா."

"சரி ஸேர். அவங்களுக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

அன்றைக்கு ஒபிஸுக்கு லீவு போட்டிருந்த ஸுமைரா ஹோலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸுமைரா. அந்த எரிமலை..."

"ஓ, வந்திரிக்கி. வாசிச்சிட்டேன்."

"எப்ப இருந்து வாசிக்கிறீங்க?"

"முதல் பருப்பில இருந்து."

லண்டன் பேராசிரியர் அந்த இடத்திலேயே உயிரை விட்டு வபாத்தானார்.

"அது என்ட சொந்த இடம்!" என்று கத்தினேன். கத்தியதாக நினைக்கிறேன், சத்தம் வந்ததா என்று நிச்சயமில்லை. அவள் எழும்பிப் போய் ஒரு பைலை எடுத்து வந்தாள். முப்பத்தொரு பக்கமும் பிரின்ட் எடுத்து, ஓட்டை போட்டுக் கோத்து வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் உரிமையாளர் ஸுமைரா.

"ஒவ்வொண்டா கேட்டுத்தானே நிரப்பினேன்? நீங்க எரிமலைண்டு சொன்னீங்க. உண்மைய சொல்லியிருந்தா உங்கட பேரில எழுதுறதுக்கு வழி பாத்திருப்பேன்."

"அப்ப... பருப்பு? அலுமாரி?"

"நீங்க சொன்னது சரிதான். வாயால சொல்லியிருந்தா அண்டைக்கே செஞ்சிருப்பேன். பதினேழு வருசமா ஊமையா இருந்துட்டு, போய் உலகத்துக்குச் சொல்றீங்க."

எனக்கு வந்தது வெட்கமா, பாசமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை; விசயம் இன்னும் முடியவில்லை.

"அப்ப அதுல எனக்கு ஒண்டுமே இல்லையா?"

"ஏன் இல்ல? ஆயுள் உரித்து தந்திரிக்கேன்" என்றாள். அது நொத்தாரிசு வார்த்தை. வயதான தகப்பன்மார் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும்போது தங்களுக்கு வைத்துக்கொள்வது. மௌத்தாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம். விற்க முடியாது, மாற்ற முடியாது.

"மாமியார் விசா?"

"நீங்க ஜும்ஆக்குப் போனப்பவே அதுட வரைவ உம்மாக்கு போன்ல வாசிச்சிக் காட்டினேன். சிரிச்சி சிரிச்சி இருமல் வந்திட்டு. நல்ல எழுத்தாம். ஒரு சின்னத் திருத்தத்தோட இப்பதான் விட்டேன்."

ஓடிப்போய்த் திறந்தேன். குமுறன் என்ற என் பெயரில், என் எரிமலையில், என் தலைப்போடு அது வெளியாகியிருந்தது. 'ஏழு நாள்' இருந்த இடத்தில் 'நிரந்தர வதிவிட உரிமை' என்று இருந்தது. ரிமோட் அனுமதிக்கப்பட்ட பொருள். கீழே முதலாவது கருத்து, மாமியுடையது: 'மருமகன்ட பெரிய மனசுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஒரு மாசத்துக்குத்தான் வர இருந்தேன். இவ்வளவு ஆசையா கூப்பிடக்குள்ள எப்படி மாட்டேன்கிறது? சாமானெல்லாம் கட்டுறேன்.'

உடனே அதற்குக் கீழேயே அடித்தேன்: 'மாமி, இது நான் எழுதினது இல்ல, நம்பவேணாம், கட்டவேணாம்.' அனுப்பினேன். திரை ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னது:

'உங்கள் கருத்து நிர்வாகியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது.'