நானூற்று நாற்பத்தெட்டு முட்டைகளுக்கு ஒரு காவல்

ஒரு காட்டில் அறுபத்து நான்கு கேமராக்கள் வைக்க உத்தரவு வந்தது. வந்து சேர்ந்த கேமரா ஒன்றுதான். அதைக் காட்டுக்கோழியின் கூட்டுக்கு எதிரே கட்டினார்கள். போன முறை கோழி இட்ட ஆறு முட்டைகளையும் மரநாய் தின்றுவிட்டது. இந்த முறை ஏழு முட்டை. அடைகாக்கத் தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் ஒன்பது நாள் தாண்டினால் குஞ்சு.

கேமரா படங்களைக் கண்காணிக்கும் மென்பொருளோடு ஒரு பிளக்-இன்னும் வந்திருந்தது. கோழி இரைக்கு எழுந்து போகும்போதெல்லாம் அது முட்டைகளை எண்ணும். குறைந்தால் மணி அடிக்கும். ஒரு கேமராவுக்கு ஒரு சானல் என்று அறுபத்து நான்கு சானலும் ஒன்பது நாள் மணி அடிக்காமல் ஓட வேண்டும். அடித்தால் சோதனை தோற்றது, எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்பது அதிகாரி கரடியின் விதி.

சோதனை செய்ய வந்த முள்ளம்பன்றி நாணயமானது. கோழி இல்லாத நேரத்தில் கூட்டை மூன்று நிமிடம் படம் பிடித்து, அதையே மீதி அறுபத்து மூன்று சானல்களிலும் திரும்பத் திரும்ப ஓடவிட்டது. இவை சோதனைக்கான போலிச் சானல்கள் என்று தாளில் எழுதியும் கொடுத்தது. கரடி தாளைப் படிக்கவில்லை, திரைகளைப் பார்த்தது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அறுபத்து மூன்று எறும்புகள் ஒரே நொடியில் முட்டைகளைச் சுற்றிப் போயின. நம் காட்டில் இவ்வளவு ஒழுங்கு இருப்பது தெரியாமல் போயிற்றே என்று கரடி கண் கலங்கியது.

இரண்டாம் நாள், கூட்டை நோக்கிப் போன மரநாய் வழியில் அலுவலகச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. நானூற்று நாற்பத்தெட்டு முட்டைகள். அதன் கால்கள் நின்றுவிட்டன. இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, எங்கேயும் இல்லை, வெறும் படம் என்று முள்ளம்பன்றி உண்மையைச் சொன்னது. மரநாய் நம்பவில்லை. இருக்கிற இடத்தை யார்தான் சொல்வார்கள்?

உடனே காவல் வேலைக்கு மனுப் போட்டது. முன் அனுபவம் என்ற கட்டத்தில் ‘ஆறு முட்டை’ என்று எழுதியது. வேலை கிடைத்தது.

கோழி பதறி ஓடி வந்தது. “ஐயா, எம்முட்டைய முழுங்குனவனையா காவலுக்கு வச்சிருக்கீங்க?”

“அனுபவம் வேண்டாமாம்மா?” என்றது கரடி.

மரநாய் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாப்பிடக்கூடப் போகவில்லை. இடம் தெரிந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தது. கோழியின் கூட்டுப் பக்கம் ஒருநாளும் வரவில்லை. ஏழு முட்டைக்காக நானூற்று நாற்பத்தொன்றை விட அது முட்டாளா?

ஒன்பதாம் நாள் காலை மணி அடித்தது. அறுபத்து நான்காம் சானலில் முட்டை, பூஜ்யம்.

கரடி கோழிக்கு ஆள் அனுப்பியது. கோழி ஏழு குஞ்சுகளோடு வந்து நின்றது. படிவத்தில் குஞ்சுக்குக் கட்டம் இல்லை. அறுபத்து மூன்று இடத்தில் ஒழுங்காக இருக்கும் முட்டை உன் கூட்டில் மட்டும் ஏன் உடைந்தது என்று கரடி கேட்டது. சோதனை தோற்றதாக எழுதப் பேனாவை எடுத்தது. மரநாயையும் அன்றே வேலையிலிருந்து விடுவிக்கச் சொன்னது.

கோழி குஞ்சுகளை எண்ணிப் பார்த்தது. பிறகு முள்ளம்பன்றியின் காதருகே போய்ச் சொன்னது: “அண்ணே, என் சானல்லயும் அந்தப் படத்தையே போட்டுடுங்க.”

முள்ளம்பன்றி அரை நிமிடம் யோசித்தது. குஞ்சுகளைப் பார்த்தது. மரநாயின் பற்களைப் பார்த்தது. கேமராவின் ஒயரைப் பிடுங்கிப் படத்தை மாட்டியது. மணி நின்றது. அறுபத்து நான்கு எறும்புகள் சேர்ந்து நடந்தன.

கரடி மகிழ்ந்து கையெழுத்துப் போட்டது. போலிச் சானல்களை எடுத்துவிடட்டுமா என்று முள்ளம்பன்றி கேட்டது. நன்றாக ஓடுவதில் கை வைக்கக் கூடாது என்று கரடி சொல்லிவிட்டது.

கோழி ஏழு குஞ்சுகளையும் மரநாயின் முதுகுக்குப் பின்னால் நடத்திக்கொண்டு போனது. குஞ்சுகள் கத்தின. மரநாய் திரும்பாமலே அதட்டியது:

“பிள்ளைங்கள அமத்தும்மா. இங்க முட்டை இருக்குல்ல.”

நீதி: திருடனைத் திருத்த நேரம் செலவழிக்காதீர்கள், இல்லாத பொருளுக்கு அவனைக் காவல் வையுங்கள்.