திட்டுவதற்கு ஓர் ஆள்

சாமான் வாங்கப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. "ஓடுமா?" என்று கேட்பவர்கள் ஒரு ரகம். "நின்னுபோனா யாரைக் கேக்கறது?" என்று கேட்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சாமான் ஓடினால் அவர்களுக்குப் போதும், பாவம். நாம் பார்க்கப்போவது இரண்டாவது ரகம்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் தலைமை அதிகாரி. அலுவலகத்தில் அவருக்குப் 'பொறுப்பு சார்' என்று பெயர், பொறுப்பானவர் என்பதால் அல்ல, எதைக் காட்டினாலும் "இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்பதால். மின்விசிறி வாங்கப் போனால் காற்று வருகிறதா என்று பார்க்கமாட்டார். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் புகார் எண்ணைத் தேடிப் பிடித்து, கடையில் நின்றபடியே அதற்குப் போன் போட்டு, மறுமுனையில் ஒரு மனிதக் குரல் "சொல்லுங்க சார்" என்ற பிறகுதான் பர்ஸைத் திறப்பார். விசிறி சுற்றுமா? அது விசிறியின் கவலை.

இப்பேர்ப்பட்டவர் தலையில்தான் ஒரு பெரிய முடிவு வந்து விழுந்தது. சான்றிதழ் கொடுப்பதற்குப் புது மென்பொருள் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு கம்பெனியின் சரக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் காட்டமாட்டார்கள், வருஷா வருஷம் உரிமத்தைப் புதுப்பித்தாக வேண்டும். இன்னொரு பக்கம் திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். கணினிப் பிரிவுப் பெண் அதை ஓரத்துக் கணினியில் போட்டு, பதிவுகளை எல்லாம் ஏற்றி, ஓட்டியே காட்டிவிட்டாள்.

"ஓடுதும்மா, நான் இல்லேங்கல. இதை எழுதினது யாரு?"

"நிறைய பேர் சார். உலகம் பூரா இருக்காங்க."

"அதுல போனை எடுக்கறவன் யாரு?"

"போனே வேண்டாம் சார். ஏதாவது ஆச்சுன்னா நாமளே சரி பண்ணிக்கலாம்."

"நாமளே பண்ணிக்கிட்டா நான் யாரைத் திட்டறது? உன்னையா?"

கம்பெனி ஜெயித்தது. கம்பெனிக்காரர் நீட்டிய அட்டையில் பகலுக்கு ஓர் எண், ராத்திரிக்கு ஓர் எண், ஞாயிற்றுக்கிழமைக்குத் தனியாக ஓர் எண். பொறுப்பு சாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஒருநாள் காலையில் திரை முழுக்க 'உரிமம் காலாவதி' என்று வந்து நின்றது. புதுப்பித்தாயிற்றே? ஆயிற்று, கம்பெனியின் கணினிக்கு அது தெரியவில்லை. வாசல் வரைக்கும் வரிசை. அந்த வரிசையில் நிற்காத ஒருவருடைய சான்றிதழும் கணினிக்குள் மாட்டிக்கொண்டது: பொறுப்பு சாரின் சொந்தப் பேத்தியுடையது. மறுநாள் பாஸ்போர்ட் அலுவலகத்தில் மகள் அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் வெளிநாட்டில் இருக்கும் கணவனிடம் குழந்தையோடு போகலாம். இல்லையென்றால் அடுத்த முறை எப்போது கூப்பிடுவார்களோ, யார் கண்டது? பிறந்த குழந்தையை மருமகன் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்.

பொறுப்பு சார் போனை எடுத்தார். அடடா, அது என்ன திட்டு. ஆரம்பத்தில் அடக்கமாக எடுத்து, நடுவில் மூச்சு வாங்க ஒரு வாய் தண்ணீர் குடித்து, கம்பெனியின் நேர்மையில் தொடங்கி அதன் முதலாளியின் வளர்ப்பு வரைக்கும் போய்த் திரும்பினார். சாயங்காலம் மலர்ந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"இன்னிக்கு அவனுங்களை உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன். மேனேஜரே லைனுக்கு வந்து சாரி கேட்டான்."

மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "சர்டிபிகேட் எங்கப்பா?"

"அதாம்மா சொல்றேன். திட்டிட்டேன்."

"பாஸ்போர்ட் ஆபீஸ்ல அதை வாங்கிப்பாங்களாப்பா?"

"அந்த சாரியையாவது எழுதி வாங்கிட்டு வந்திருக்கலாம்," என்றாள் மனைவி, உள்ளே இருந்து.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு நேரம் பேசினாரே, எப்போது சரியாகும் என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவே இல்லை. மகள் குழந்தையோடு உள்ளே போனதைப் பார்க்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் நேராக ஓரத்துக் கணினி முன்னால் போய் நின்றார். அவர் வேண்டாம் என்ற பிறகும் கணினிப் பிரிவுப் பெண் அதில் புதுப் பதிவுகளை விடாமல் ஏற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

"இது ஓடுதாம்மா?"

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார். ஓடியது. பேத்தியின் சான்றிதழ் வந்தது, கையெழுத்துப் போட்டார், வாசலில் ஆட்டோவோடு காத்திருந்த மகள் வாங்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் வரிசையும் நகர ஆரம்பித்தது.

கம்பெனியை நிறுத்திவிட்டு இதையே வைத்துக்கொள்ளலாம் என்று அவரே ஆணை எழுதினார். 'புகாருக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான்.

கணினிப் பிரிவுப் பெண் எட்டிப் பார்த்தாள். "என் நம்பரைப் போட்டுக்குங்க சார். திட்டணும்னா என்னையே திட்டுங்க."

எழுதினார். எழுதிவிட்டு, அங்கிருந்தபடியே அந்த எண்ணுக்குப் போன் போட்டார். எதிரே நின்றவள் எடுத்து, "சொல்லுங்க சார்" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, வை," என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.

'நான் அந்த ரகமில்லை' என்று சொல்லிக்கொண்டுதானே இதைப் படித்தீர்கள்? இருக்கட்டும். நடுவில் ஓர் இடத்தில் முகத்தைச் சுளித்து, இதை எழுதின ஆள் யாரென்று தேடி உங்கள் கண் ஒரு தடவை மேலே போய் வந்ததே, அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.